என் பெயர் காலாவதியான காலை

வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு சலுகை இருந்தது. அப்படிப்பட்ட ஒரு நாள் காலையில், கல்கத்தா பெஹாலாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, தினமும் செய்வதைத்தான் செய்தேன். சர்வரில் இருக்கும் கோப்புகள் எல்லாம் ராத்திரியில் தானாகவே கிளவுட்டுக்கு நகலாகும். அது ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பது என் பொறுப்பு. உள்ளே நுழைவதற்கான வரியைத் தட்டி என்டரை அழுத்திவிட்டு, காபியை எடுத்தேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் வந்தது. உங்கள் கணக்கு காலாவதியாகிவிட்டது, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த இடத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்ததே இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவன், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்கக்கா."

"டேய், உன் மிஷின் என்னை உள்ள விடமாட்டேங்கறதுடா. அக்கவுண்ட் எக்ஸ்பயர்னு வரது. என்னன்னு பாரேன்."

"பாக்குறேன்க்கா. லைன்லயே இருங்க."

கீபோர்டு தட்டும் ஒலி கேட்டது. வேகமாக, விடாமல் தட்டினான். தேடுகிறான் என்று நினைத்தேன். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பேச ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் மனைவியும் சாப்பிட வரணும், அடை வார்க்கப் போகிறேன். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்கீரை நன்றாக வந்திருக்கிறது, நீங்கள் வருவதற்குள் உங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டு வாங்கி வைக்கிறேன். அவளுக்கு மசக்கை எப்படி இருக்கிறது, வாந்தி நின்றதா, மாங்காய் ஊறுகாய் ஏதாவது வேணுமா. அவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றான். தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசியில், "என்னடா, என்னை வேலையை விட்டே தூக்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

கீபோர்டு சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது.

"டைம் குடுங்கக்கா. நானே கூப்பிடுறேன்," என்று வைத்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான் இன்னமும் என்னைச் சுடுகிறது. அதற்குப் பிறகு நடந்தவற்றையெல்லாம் ஏதோ ஒரு வகையில் என்னால் மென்று விழுங்க முடிந்தது. நான் அடை, கீரை என்று பேசிக்கொண்டிருந்ததையும், அதை அவன் எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்ததையும் நினைத்தால் மட்டும் பஸ்ஸில் போகும்போதுகூட முகம் கவிழ்ந்துவிடுகிறது.

இதில் வெட்கப்பட இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கணக்கு தானாகக் காலாவதியாவதில்லை. யாராவது உட்கார்ந்து பெயரைப் போட்டு, என்டரைத் தட்டினால்தான் ஆகும். இருபது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் இருக்கிற எனக்கு அது தெரியாதா? திரையில் அந்த வாக்கியத்தைப் பார்த்த உடனேயே உள்ளுக்குள் ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளத்தான் அவ்வளவு பேசினேனோ என்னவோ.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பழக்கம் இருந்தது. வேலையில் உபயோகமான ஒற்றை வரிக் கட்டளைகள் ஏதாவது கிடைத்தால் ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்வோம். டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய கோப்பு எது என்று கண்டுபிடிக்க ஒரு வரி. கிளவுட்டில் எவ்வளவு இடம் தின்றிருக்கிறோம் என்று கூட்டிச் சொல்ல ஒரு வரி. மற்றவர்கள் காலை வணக்கமும் பூவும் அனுப்புவார்களே, அந்த மாதிரி. அவன் அனுப்பியவற்றில் பாதி எனக்குப் புதிது. நான் அனுப்பியவற்றில் பாதி அவனுக்குப் புதிது.

அவற்றில் ஒன்றை நான் அனுப்பியபோது, எனக்கு எதிர் மேஜையில் இருந்த ஒரு வங்காளிக்காரரை நிறுவனம் வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்திருந்தது. அவருடைய பாஸ்வேர்டைப் பூட்டினால் போதும் என்று விருதுநகர்க்காரன் நினைத்திருந்தான். போதாது, சாவிக் கோப்பு வைத்திருப்பவன் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வந்துவிடுவான் என்று சொல்லி, sudo chage -E 0 என்று எழுதி, அதற்குப் பிறகு ஆளுடைய பெயரைப் போடு என்று அனுப்பினேன். கணக்கையே காலாவதியாக்கும் வரி அது. கீழே, "இதைப் போட்டுட்டா எமனே வந்தாலும் உள்ள நுழைய முடியாது" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றையும் வைத்தேன். அந்த மனிதருக்கு அப்போது விஷயம் சொல்லப்பட்டிருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

என் கணக்கு காலாவதியான அன்றே, மதியத்துக்கு முன்னால் வீடியோ அழைப்பு வந்தது. மனிதவளத் துறைப் பெண் காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். எங்கள் மேனேஜர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அமைப்பு மாற்றம், வருத்தம், நன்றி என்று இங்கிலீஷில் ஏதேதோ சொன்னாள். நான் நடுவில், "தேங்க் யூ" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. லேப்டாப்பை வாங்கிப் போக ஆள் வருவான் என்றாள். அதற்கும் தேங்க் யூ சொன்னேன்.

என் பெண் கல்லூரிக்குக் கிளம்பித் தலையை வாரிக்கொண்டே வந்தாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். நானும் அப்படித்தான், ஆனால் அவளுக்கு என்னைவிடப் பெங்காலி நன்றாக வரும், என்னைவிடத் தமிழ் கம்மி.

"மா, கீ ஹொலோ? முகம் ஏன் இப்டி இருக்கு?"

"கிச்சு நா. தலைவலி," என்றேன்.

ஒன்றுமில்லை என்று பெங்காலியில் சொன்ன அந்தப் பொய்யிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளம்பியது. சொல்லியிருக்கலாம். என் கணவர் சிலிகுரியில் வேலையாக இருந்தார், சில சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். அவரிடமும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டர்காரி. கல்யாணங்களில் என்னைக் கூப்பிட்டு, அவரவர் போனை நீட்டி, இதைக் கொஞ்சம் பாரேன் என்பார்கள். என் பெண் தன் சிநேகிதிகளிடம், "என் அம்மா சர்வரையே கட்டி மேய்க்கறா" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கே கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்குப் போன பிறகுதான் எங்கே போவது என்று யோசித்தேன். அலிப்பூரில் ஒரு பெரிய நூலகம் இருக்கிறது. அதன் வாசக அறையில் போய் உட்கார்ந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் ரிட்டயர் ஆனவர்களும் நிறைந்த அறை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒரு புத்தகத்தை விரித்தேன். சாயங்காலம்வரை பக்கத்தைத் திருப்பினேனா என்று நினைவில்லை. அடுத்த நாளும் அங்கேயே போனேன். அதற்கடுத்தும்.

ஒருநாள் நூலகம் மூடியிருந்தது. லேக் மார்க்கெட்டுக்குப் போய், தென்னிந்தியச் சாப்பாடு போடும் ஒரு கடையில் உட்கார்ந்து இட்லியை ஆற அமரத் தின்றுகொண்டிருந்தேன். தமிழ் சங்கத்தில் பழக்கமான ஒரு மாமி கறிவேப்பிலைப் பையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"என்னடி, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?"

"இங்க பக்கத்துல ஒரு கிளையண்ட் மாமி. மீட்டிங்குக்கு வந்தேன்."

"எவ்ளோ பொறுப்பு உனக்கு!" என்று என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். "என் பிள்ளைக்கு நீதான் ஏதாவது வழி சொல்லணும். பயோடேட்டா அனுப்பச் சொல்றேன். உன் கம்பெனியில பாரு."

"அனுப்பச் சொல்லுங்கோ," என்றேன்.

அவன் அனுப்பினான். நானும் படித்துவிட்டு, நல்லா இருக்கு, மேலே பேசுகிறேன் என்று பதில் போட்டேன். இப்போது யோசித்தால், வேலை போனதைவிட அந்தப் பதிலைப் போட்டதுதான் கேவலமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை எத்தனை நாள் காத்திருந்தானோ.

விருதுநகர்க்காரன் பல தடவை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. வாட்ஸப்பில், "அக்கா ஒரே ஒரு நிமிஷம்" என்று அனுப்பினான். படித்துவிட்டு அப்படியே விட்டேன்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு சாயங்காலம், நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஆண் செருப்பு ஒன்று இருந்தது. கூடத்தில் அவன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஆபீஸ் லேப்டாப். எதிரில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. என் பெண் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளில் தொங்கிய டிபன் பாக்ஸ் பையைத்தான் பார்த்தாள்.

"தாதா மத்தியானமே வந்துட்டார்," என்றாள், அண்ணனைப் பெங்காலியில் சொல்கிற மாதிரி. "நான் சொன்னேன், மா ஆபீஸ்ல இருக்கா, அங்க போய் பாருங்கன்னு."

அவன் எழுந்து நின்றான். "எனக்குத் தெரியாதுக்கா, நீங்க வீட்டுல சொல்லலைன்னு. வாய் தவறிப் போச்சு."

எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. என் கூடத்திலேயே எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், ஈரக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது. என் பெண் வந்து குடையை வாங்கிக்கொண்டு போனாள்.

"எதுக்கு வந்தே?" என்றேன்.

"பேக்கப் நின்னு போச்சுக்கா. உங்க அக்கவுண்ட்லேர்ந்துதான் அது ஓடிக்கிட்டிருந்திருக்கு. யாருக்கும் தெரியலை. நேத்துத்தான் ஒரு கிளையண்ட் பழைய பில்லு கேட்டாங்க. பார்த்தா, நீங்க போன நாளோட நகல் நிக்குது."

அது உண்மைதான். காலாவதியான கணக்கில் தானியங்கி வேலைகளும் நின்றுவிடும். இதுபோன்ற வேலைகளை ஆளுடைய பெயரில் ஓட்டக் கூடாது, பொதுவான ஒரு கணக்கில்தான் ஓட்டவேண்டும் என்று கூட்டம் போட்டு மற்றவர்களுக்குச் சொன்னவள் நான்தான். என்னுடையதை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தேன். அதில் என் பெயர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அவன் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நான் இல்லாவிட்டால் முடியவில்லை பார் என்று ஒரு அற்ப சந்தோஷம். என் பெண் எதிரில் அது முகத்தில் தெரிந்துவிட்டதோ என்று உடனே கூசியது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு. காலையில செஞ்சிரணும், அவங்க சொல்ற வரைக்கும் நான் எதுவும் பேசக்கூடாதுன்னாரு."

"நான் போன் பண்ணினப்போ என்னத்தைடா அவ்ளோ தட்டிண்டிருந்தே?"

"ஒண்ணுமில்லக்கா," என்றான். "df -h. அதையேதான் திருப்பித் திருப்பி."

டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று காட்டும் வரி அது. எதையும் மாற்றாது, எதையும் கெடுக்காது. நான் கீரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, சத்தம் வரவேண்டுமே என்று அவன் அதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் உடையில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

"காட்டு," என்றேன்.

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கணக்கை மூடியதோடு என் ஃபோல்டரையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். நகலெடுக்க வேண்டிய கோப்புகள் எல்லாம் முதலில் அந்த ஃபோல்டரில் வந்து சேர்ந்து, பிறகுதான் கிளவுட்டுக்குப் போகும். அவன் தன் பெயரில் அதே மாதிரி ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, என் பழைய வரியை நினைவிலிருந்து எழுதியிருந்தான். rclone sync என்று ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஃபோல்டர், அந்தப் பக்கம் கிளவுட்.

"இதை ஓட்டினா சரியாயிடும்ல?" என்று கேட்டுக்கொண்டே விரலை என்டருக்குக் கொண்டுபோனான்.

sync என்பது இந்தப் பக்கம் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி அந்தப் பக்கத்தையும் ஆக்கிவிடும். இந்தப் பக்கம் இல்லாததை அந்தப் பக்கத்திலும் அழித்துவிடும். அவனுடைய புது ஃபோல்டர் காலியாக இருந்தது. அவன் தட்டினால், கிளவுட்டில் வருஷக்கணக்காகச் சேர்ந்த அத்தனையும் போய்விடும்.

நான் பேசாமல் இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. ஒரு மூச்சு விடுகிற நேரமாக இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தேன். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மேனேஜர் ஞாபகம் வந்தார். போகட்டும் என்று இருந்தது. பிறகு அவன் விரலைப் பார்த்தேன். நகம் எல்லாம் கடித்துக் கடித்துத் தேய்ந்திருந்தது. வீட்டில் அவன் மனைவி வயிற்றில் குழந்தை.

"தட்டாதே!" என்று கத்திவிட்டேன்.

அவன் கையைச் சூடு பட்டவன் மாதிரி இழுத்துக்கொண்டான். "என்னக்கா?"

"ஃபோல்டர் காலிடா. அத்தனையும் அழிஞ்சிருக்கும். sync வேண்டாம், copy போடு. copy சேர்க்க மட்டும்தான் செய்யும், எதையும் அழிக்காது. அதுக்கும் முன்னாடி கடைசியில dry-run சேர்த்து ஓட்டிப் பாரு. நிஜமா பண்ணாது, என்ன பண்ணப்போறதுன்னு மட்டும் சொல்லும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "தெய்வமா வந்து காப்பாத்தினீங்கக்கா," என்றான். அந்த வார்த்தை எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. நான் பேசாமல் இருந்த அந்த நேரத்தை அவன் கவனிக்கவே இல்லை.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். கோப்புகள் எங்கிருந்தெல்லாம் வந்து சேரவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பொதுவான ஒரு கணக்கு உண்டாக்கி, வேலையை அதன் பெயரில் போட்டோம். ஒத்திகையில் வந்த பட்டியலை வரி வரியாகப் படித்துப் பார்த்த பிறகு நிஜமாக ஓடவிட்டோம். கோப்பின் பெயர்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போயின. என் பெண் புது டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் பின்னாலேயே நின்று பார்த்தாள்.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவள் கேட்டாள். "தினம் எங்க போனே மா?"

"அலிப்பூர். லைப்ரரி."

"அங்க என்ன பண்ணினே?"

"உக்காந்திருந்தேன்."

அவள் என் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து பார்த்தாள். சாப்பிட்டிருந்தேன், காலியாகத்தான் இருந்தது. அதைத் தேய்க்கப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நான் உன்கிட்ட கேட்டேன் இல்லே, என்ன ஆச்சுன்னு? நான் குழந்தை இல்லை மா." அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. "வேலை போனா போச்சு. நீ தனியா எங்கேயோ போய் உக்காந்துண்டு..." பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மேலே சொல்ல அவளுக்குத் தமிழில் வார்த்தை வரவில்லையோ, எந்தப் பாஷையிலும் வரவில்லையோ. நான் போய் அவள் முதுகில் கை வைத்தேன். தள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு மெயிலை அனுப்பியிருந்தான். பேக்கப் பிரச்சினையைத் திறமையாகச் சமாளித்ததற்காக மேனேஜர் அவனைப் பாராட்டி, எல்லோருக்கும் எழுதிய மெயில். அதற்கு அவன் எழுதிய பதிலும் கூடவே இருந்தது. இதைச் செய்தது நான் இல்லை, வேலையை விட்டு அனுப்பிய அக்காதான் என்று அத்தனை பேருக்கும் போட்டிருந்தான். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. எனக்கும் அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவன் அதைப் போட்டிருக்கவேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவனை வெளியே அனுப்பவும் அதே ஒரு வரி போதும். அதை அவனிடம் சொல்லவேண்டும் என்று அன்றைக்கே போன் செய்தேன். ஆனால் அவன் மனைவியிடம் ஊறுகாய் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை என் கணவர் வந்தார். பெண் போனில் சொல்லியிருப்பாள் என்று அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. பை நிறைய கமலா ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். சாப்பிடும்போது ரசம் நன்றாக இருக்கிறது என்றார். பெண்ணுடைய பரீட்சையைப் பற்றிக் கேட்டார். ரயிலில் கூட்டம் என்றார். திட்டியிருந்தால், ஏன் மறைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் ஆரஞ்சை உரித்து, நரம்பெல்லாம் எடுத்து, சுளையைத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். என்னிடம் இத்தனை ஜாக்கிரதையாக அவர் இருந்து நான் பார்த்ததில்லை. தலையை நிமிர்த்த முடியாமல் ஒவ்வொரு சுளையாகத் தின்றேன்.

"திங்கட்கிழமை லைப்ரரிக்குப் போறியா?" என்று கடைசியில் கேட்டார்.

"போகணும். இன்டர்வியூவுக்குப் படிக்கணும். நிறைய மறந்துபோச்சு."

"சரி. மழை வரும். குடை எடுத்துண்டு போ," என்றார்.

சில மாதம் கழித்து, பெஹாலாவிலேயே ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முன்பு இருந்ததைவிடச் சின்ன வேலை. அங்கே எல்லோரும் என் பெண் வயசுக்காரர்கள், சித்தி முறை வைத்து மாஷிமா என்று கூப்பிடுகிறார்கள். சங்கத்து மாமியின் பிள்ளைக்கு, நான் முன்பு எழுதியது பொய் என்று ஒரு செய்தி அனுப்பினேன். நீளமாக எழுத ஆரம்பித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரண்டே வாக்கியத்தில் முடித்தேன். அவன் பரவாயில்லை ஆன்ட்டி, எனக்குப் புனேயில் கிடைத்துவிட்டது என்று பதில் போட்டான். அவன் அம்மாவிடம் சொன்னானா என்று தெரியவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம் அவளைத் தூரத்தில் பார்த்தால் என் கால் தானாகவே எதிர்ச்சாரிக்குப் போகிறது.